விலைச் சுட்டெண்ணும் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கைச் செலவும்

எமது கல்லூரியின் விழா மலரிற்கு ஏதேனும் எழுதுக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, எதை எழுதுவதென்று யான் நெடுநேரம் எண்ண வேண்டியிருக்கவில்லை. வட்டவளையிற் பிறந்து, லயத்து விளக்கொளியிற் படித்து, கல்லூரி வாங்கிற் பொருளியல் என்னும் பெயரை முதன்முதற் கேட்ட ஒருவனுக்கு எழுதத்தக்க பொருள் ஒன்று கைக்கெட்டும் தொலைவிலேயே கிடந்தது. அதனை எனக்கு எடுத்துத் தந்தவர் படித்தவர் அல்லர். கொழுந்தெடுத்து ஓய்ந்த முதியவர் ஒருவர்.

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் மாலை, அயல் லயத்துப் பெரியம்மா எம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, "தம்பி, வெலைவாசி எழுவதுல இருந்து ஒண்ணுக்கு எறங்கிருச்சுன்னு ரேடியோவுல சொல்றாங்க. நம்ம கடையில மாவு வெல எறங்கலையே? ரேடியோ பொய் சொல்லுதா, கடைக்காரரு பொய் சொல்றாரா?" என்று வினவினார். இரண்டும் பொய்யன்று என்று யான் கூறினேன். "ரெண்டு பேரும் மெய் சொன்னா என் கையில காசு ஏன் தங்கல?" என்பது அவரது அடுத்த வினா. அதற்கு அன்று யான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அவ்விடையைச் சற்று விரித்துக் கூறும் முயற்சியாகும்.

பணவீக்கம் என்பது யாது?

வட்டவளையாருக்கு மழையைப்பற்றி எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. இந்நாட்டில் மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் எம்மூர் ஒன்று. ஆண்டொன்றிற் சராசரியாக 5,000 மில்லிமீற்றருக்கு மேல் ஈண்டு மழை வீழ்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்திற் காசல்ரீ நீர்த்தேக்கம் நாளுக்கு நாள் உயர்வதை நாம் கண்டிருக்கின்றோம். மழையின் கடுமை வேறு. நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் வேறு. மழை தணிந்து தூறலாகும்போது நீர்மட்டம் இறங்கிவிடுவதில்லை. அது மெதுவாக உயர்கின்றது என்பதே பொருள். மழை முற்றும் நின்றாலும் நிறைந்த நீர் நிறைந்தவாறே நிற்கும்.

பணவீக்க வீதம் என்பது மழையின் கடுமை. விலைமட்டம் என்பது நீரின் உயரம். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாயிற்று. அஃதாவது, முன்னைய ஆண்டு செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்டொகுதிக்கு அவ்வாண்டு ஏறத்தாழ 170 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவ்வீதம் 1.3 சதவீதமாகக் குறைந்தது. அதன் கருத்து, 170 ரூபா மீண்டும் 100 ரூபாவாயிற்று என்பதன்று. 170 ரூபா 172 ரூபாவாயிற்று என்பதேயாம். வானொலி மழை தணிந்தமையைக் கூறிற்று. கடைக்காரர் நீர்மட்டத்தைக் காட்டினார். இருவர் கூற்றும் மெய்யே.

சுட்டெண் பிறந்த வரலாறு

விலைமட்டத்தை அளப்பது எவ்வாறு? ஒரு குடும்பம் வழக்கமாக வாங்கும் பொருள்களை ஒரு கூடையில் இட்டதாகக் கருதுக. அரிசி, மா, பருப்பு, தேங்காய், சீனி, கருவாடு, மண்ணெண்ணெய், சவர்க்காரம், புடைவை, பேருந்துக் கட்டணம், பிள்ளைகளின் கொப்பி முதலியன அக்கூடையில் அடங்கும். குடும்பச் செலவில் ஒவ்வொன்றும் பெறும் பங்கே அதன் நிறை எனப்படும். அடியாண்டில் அக்கூடையின் விலையை 100 என வைத்துக்கொண்டு, பின்வரும் மாதங்களில் அதே கூடையின் விலையை ஒப்பிட்டுக் கூறுவதே சுட்டெண். இதில் மறைபொருள் யாதுமில்லை. ஆயினும், யாருடைய கூடை என்னும் வினா ஒன்று இதனுள் உறங்கிக்கொண்டிருக்கின்றது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலங்கையில் இரு சுட்டெண்கள் வழங்கின. ஒன்று கொழும்பு நகரத் தொழிலாளரைக் குறித்தது. 1938 நவம்பர் முதல் 1939 ஏப்ரல் வரையுள்ள காலத்தை அது அடியாகக் கொண்டது. மற்றையது தோட்டத் தொழிலாளருக்கென்றே அமைந்தது. 1939ஆம் ஆண்டு யூலை முதல் செப்டெம்பர் வரையுள்ள காலம் அதன் அடியாகும். தோட்டத்தார் கூடை வேறு, நகரத்தார் கூடை வேறு என்பதை அக்கால ஆட்சியாளரும் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் சட்டத்தின்கீழ்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு அடிப்படைக் கூலியும், வாழ்க்கைச் செலவுக்கேற்ப மாறும் விசேட படியும் நிர்ணயிக்கப்பட்டன. சுட்டெண் ஏறினாற் படியும் ஏறும் என்பதே அதன் நோக்கம்.

பின்னர், 1949–50ஆம் ஆண்டுகளிற் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களிடை நடாத்தப்பெற்ற ஆய்வினை ஆதாரமாகக் கொண்டு, 1952ஆம் ஆண்டை அடியாக வைத்துக் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் அமைக்கப்பட்டது. அதில் உணவின் நிறை 61.9 சதவீதம், உடைக்கு 9.4, எரிபொருளுக்கும் விளக்கிற்கும் 4.3, வாடகைக்கு 5.7, ஏனையவற்றிற்கு 18.7. அக்கூடையே 2007ஆம் ஆண்டு வரை நாட்டின் அளவுகோலாக இருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளில் மக்களின் உணவும் உடையும் வழக்கமும் மாறின. கூடை மட்டும் மாறவில்லை. பங்கீட்டுப் பொருள்களுக்கு அரசு குறித்த விலையே அதிற் பதிவாகியமையால், அவ்விலைக்குப் பொருள் கிடையாது வெளிச்சந்தையில் மிகை விலை கொடுத்தவர்களின் துன்பம் அவ்வெண்ணில் முழுமையாகத் தோன்றவில்லை.

அதன்பின் கூடை பலமுறை புதுக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டை அடியாகக் கொண்ட கொழும்புச் சுட்டெண்ணில் உணவின் நிறை ஏறத்தாழ 28 சதவீதமாகக் குறைந்தது. நாடு முழுவதையும் தழுவும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் 2015ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிற்று. 2013ஐ அடியாகக் கொண்ட அதில் உணவின் நிறை 44 சதவீதம். இவையிரண்டும் இப்போது 2021ஐ அடியாகக் கொண்டு வெளிவருகின்றன. தோட்டத்துறைக்கெனத் தனியான மாதச் சுட்டெண் இன்று இல்லை.

இதனால் விளைவது யாது என்பதை ஓர் எளிய கணக்காற் காண்போம். இவை விளக்கத்திற்காக யான் எடுத்துக்கொண்ட எண்கள். உணவின் விலை 100 சதவீதமும் ஏனையவற்றின் விலை 50 சதவீதமும் ஏறிற்று என்க. செலவிற் காற்பங்கை உணவிற்கு அளிக்கும் நகரத்துக் குடும்பத்திற்கு வாழ்க்கைச் செலவு 62.5 சதவீதம் உயரும். ஐந்தில் மூன்று பங்கை உணவிற்கு அளிக்கும் தோட்டத்துக் குடும்பத்திற்கு 80 சதவீதம் உயரும். ஒரே நாடு, ஒரே மாதம், ஒரே விலையேற்றம். எனினும் சுமை ஒன்றன்று. ஏழையின் பணவீக்கம் செல்வனின் பணவீக்கத்தினும் பெரிது என்பது உணவு விலை முந்தி ஓடும் காலத்திலெல்லாம் உண்மையாகும். 2019ஆம் ஆண்டின் குடித்தொகை மதிப்பீட்டுத் திணைக்கள ஆய்வின்படி நாட்டு மக்களுள் 14.3 சதவீதத்தினர் வறுமைக் கோட்டின்கீழ் இருந்தனர். தோட்டத்துறையில் அவ்வீதம் 51.3. இருவரில் ஒருவர் என்க. நெருக்கடி வருமுன்னரே நிலை இதுவாயின், வந்தபின் எவ்வாறிருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

போரும் வட்டவளைக் கடையும்

போர் எங்கே நடப்பினும் அதன் செலவுச் சீட்டின் ஒரு படி வட்டவளைக் கடைக்கும் வந்து சேரும். இது மிகைக் கூற்றன்று. வரலாறு காட்டும் உண்மை.

1942ஆம் ஆண்டிற் பர்மா யப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசியை நம்பியிருந்த இலங்கையில் அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பிற்று. இன்று தோட்டத்து ரொட்டியை எம்மவரின் தொன்மையான உணவென்று கருதுவோர், அது போர் எமது அடுப்பில் வைத்துச் சென்ற உணவு என்பதை அறிதல் நன்று.

1950ஆம் ஆண்டிற் கொரியப் போர் மூண்டது. இறப்பர் விலை உயர்ந்து நாட்டிற்குப் பணம் பெருகிற்று. போரின் வேகம் தணிய அவ்விலை வீழ்ந்தது. இறக்குமதி அரிசியின் விலையோ உயர்ந்தே நின்றது. 1952 டிசெம்பரிற் சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்யப்பட்டது. எனினும் அரசின் உணவு மானியச் சுமை தாங்கொணாததாகவே, 1953 யூலையிற் பங்கீட்டரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் நிகழ்ந்தது, உயிர்கள் பலியாயின, பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார். விலையேற்றம் அரசாங்கங்களை அசைக்க வல்லது என்பதை ஆட்சியாளர் அன்று கற்றனர்.

1973ஆம் ஆண்டு ஒக்டோபரில் மத்திய கிழக்கிற் போர் வெடித்தது. எண்ணெய் விலை பன்மடங்காயிற்று. கோதுமை மா, சீனி ஆகியவற்றின் உலக விலைகளும் அக்காலத்தில் ஏறியிருந்தன. பங்கீடு சுருங்கிற்று. கிராமத்தவருக்கு ஒரு துண்டு நிலமேனும், மரவள்ளிக் கிழங்கேனும் உதவிற்று. நிலமற்ற தோட்டத்தாருக்கு அதுவும் இல்லை. 1974ஆம் ஆண்டிலே தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. எம்மூர் முதியோர் அக்காலத்தைப் 'பஞ்ச காலம்' என்றே கூறுவர். பணவீக்கம் என்னும் சொல் எண்ணாக மட்டும் இராது, சில வேளைகளிற் பிணமாகவும் கிடக்கும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

பின்னர் போர் எமது நாட்டிற்கே வந்தது. 1983 யூலைக் கலவரத்தில் நுவரெலியா, பதுளை முதலிய மலைநாட்டு நகரங்களிலும் தமிழர் கடைகள் எரியூட்டப்பட்டன. தோட்டத்தாருக்கு மாதக்கடன் கொடுத்த கடைகள் பல அவற்றுள் அடங்கும். அன்று தொடங்கி 2009 மே மாதம் வரை நீடித்த உள்நாட்டுப் போர் விலைவாசியை மூன்று வழிகளால் உயர்த்திற்று.

முதலாவது, பொருட்டட்டுப்பாடு. 1990ஆம் ஆண்டு முதல் வடபகுதிக்கு எரிபொருள், மின்கலம், சவர்க்காரம் முதலியன செல்வது தடுக்கப்பட்டது அல்லது கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்தார் மண்ணெண்ணெயிற் கார் ஓட்டிய காலம் அது. கண்டி வீதி 2002ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டபோது அங்கே விலைகள் கொழும்பு விலைகளின் பன்மடங்காயின. கொழும்புச் சுட்டெண்ணோ இதனைக் காணவில்லை. அது கொழும்பை மட்டுமே நோக்கிற்று. 1990/91, 1995/96ஆம் ஆண்டுகளின் குடும்பச் செலவு ஆய்வுகளும் வடக்குக் கிழக்கினைத் தழுவவில்லை. அளக்கப்படாத துன்பம் இல்லாத துன்பமாகக் கருதப்படும் என்பது புள்ளிவிவரவியலின் பெருங்குறை.

இரண்டாவது, வரி. போர்ச் செலவிற்கெனப் பாதுகாப்பு வரி 1990களின் தொடக்கத்தில் விதிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் நிலவிற்று. விற்பனையின்மேல் விழும் வரியைச் செலுத்துபவர் வணிகர், சுமப்பவர் வாங்குவோர்.

மூன்றாவது, கடனும் பணப் பெருக்கமும். வரவை மிஞ்சிச் செலவிடும் அரசு கடன் வாங்கும். கடன் கொடுப்பார் போதாதவிடத்து மத்திய வங்கியின் பணத்தை நாடும். பொருள் பெருகாமற் பணம் பெருகினால், ஒவ்வொரு ரூபாவும் சிறுகும். 1990ஆம் ஆண்டிற் பணவீக்கம் 21.5 சதவீதம். 2008ஆம் ஆண்டில், போர் உச்சமுற்றிருந்தபோது, உலகளாவிய எண்ணெய், உணவு விலையேற்றமும் உடன்சேர, ஆண்டுச் சராசரி 22.6 சதவீதமாயிற்று. போர் முடிந்த 2009ஆம் ஆண்டில் அது 4 சதவீதத்திற்குக் கீழே இறங்கியது. பெரியம்மாவின் வினாவை ஈண்டு மீண்டும் நினைவு கூர்க: இறங்கியது வீதமே, போர்க்காலத்தில் ஏறிய விலை ஏறியவாறே நின்றது.

2022ஆம் ஆண்டின் பெருவெள்ளம்

போர் ஓய்ந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின் வந்த நெருக்கடி அதுவரை நாம் கண்டிராதது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் வரிகள் குறைக்கப்பட்டன. பெருந்தொற்றினால் உல்லாசப் பயணிகளின் வருகை நின்றது. மத்திய வங்கி பெருந்தொகையான திறைசேரி உண்டியல்களை வாங்கிப் பணம் வழங்கிற்று. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடை தளர்த்தப்பட்டது; ஆயினும் தேயிலைச் செடி அரசாணையை அறியாது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 252 மில்லியன் கிலோகிராமாக வீழ்ந்தது. அந்நிய நாணயக் கையிருப்பு வற்றவே, 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி தளரவிடப்பட்டது. டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது சில வாரங்களில் 350 ரூபாவைக் கடந்தது. ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தல் நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரியில் உக்கிரேனிற் போர் மூண்டமையால் கோதுமை, எண்ணெய் ஆகியவற்றின் உலக விலைகளும் உயர்ந்திருந்தன. மீண்டும் ஒரு தொலைதூரப் போர் எமது ரொட்டியைத் தொட்டது.

2022 செப்டெம்பரிலே தேசியச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 73.7 சதவீதம், உணவுப் பணவீக்கம் 85.8 சதவீதம். கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். இவற்றினும் எம்மவரை நேரே தாக்கியது மண்ணெண்ணெய். அவ்வாண்டு ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ நான்கு மடங்கு. நகரத்துக் கூடையில் மண்ணெண்ணெய் ஒரு சிறு துளி. மழைநாளில் ஈரவிறகு பற்றாத லயத்து அடுப்பிலோ அது சோற்றுக்கும் பசிக்கும் இடைப்பட்ட பொருள்.

கூலியின் கதை

இனி மறுதட்டை நோக்குவோம். விலை ஏறினும் கூலி அதனொடு சேர்ந்து ஏறுமாயின் துன்பமில்லை. ஏறிற்றா?

1992ஆம் ஆண்டில் அரசுடைமைத் தோட்டங்களின் முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபின், தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தங்களால் நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டு வந்தது. ஒப்பந்தத்திற்கு ஆயுள் இரண்டாண்டு. பேச்சுவார்த்தை இழுபறியானால் அதனினும் மிகும். அடிப்படை நாட்கூலி 2009இல் 285 ரூபா, 2013இல் 450, 2016இல் 500, 2019இல் 700. 2021 மார்ச்சிற் சம்பளச் சபையின் வாயிலாக 900 ரூபா அடிப்படையும் 100 ரூபாப் படியுமாக 1,000 ரூபா விதிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாவாயிற்று.

படிக்கட்டும் சரிவும் வேறுவேறு. கூலி படிக்கட்டுப்போல் ஆண்டுகள் சிலவற்றிற்கு ஒருமுறை ஏறும். விலை சரிவுப்பாதைபோல் நாடோறும் ஏறும். ஒரு படியிலிருந்து மறுபடிக்குக் காத்து நிற்கும் காலமெல்லாம் தொழிலாளி இழப்பிலேயே நிற்கின்றான். முன்னாளில் சுட்டெண்ணோடு பிணைக்கப்பட்ட படி அவ்விழப்பை ஓரளவேனும் ஈடுசெய்தது. கூட்டு ஒப்பந்தக் கூலியோ அவ்வாறு தானாக அசைவதன்று.

2021 செப்டெம்பரில் விலைமட்டம் 100 என்க. ஓராண்டில் அது 173.7 ஆயிற்று. ஆகவே 2022 செப்டெம்பரில் தொழிலாளி பெற்ற அதே 1,000 ரூபா, முன்னைய ஆண்டில் ஏறத்தாழ 576 ரூபாவுக்கு வாங்கத்தக்கதையே வாங்கிற்று. உணவை மட்டும் கருதின் 538 ரூபாவுக்கே. அதன்பின் ஈராண்டுகளில் விலைமட்டம் ஏறத்தாழ அங்கேயே நின்றது. 2024 செப்டெம்பரிற் கூலி 1,350 ரூபாவானபோது, அதன் மெய்ப்பெறுமதி பழைய ரூபாவில் ஏறத்தாழ 775. ஆயிரத்திலிருந்து ஆயிரத்து முந்நூற்றைம்பதுக்கு உயர்ந்த ஒருவர், உண்மையிற் காற்பங்கிற்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்திருந்தார். பெரியம்மாவின் இரண்டாம் வினாவிற்கு இதுவே விடை. ரேடியோவும் மெய், கடைக்காரரும் மெய். காசு தங்காமைக்குக் காரணம் இவ்விருவர்க்குமிடையே கூலி பின்தங்கி நின்றமையேயாம்.

2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில், நாட்கூலியை 1,550 ரூபாவாக உயர்த்தி, அரசு தரும் 200 ரூபா வரவுப்படியையும் சேர்த்து 1,750 ரூபா வழங்க முன்மொழியப்பட்டது. மேற்கூறிய கணக்கின்படி 1,750 ரூபா என்பது 2021ஆம் ஆண்டின் 1,000 ரூபாவுக்கு ஏறத்தாழ ஒப்பாகும்; இடையில் நிகழ்ந்த சிறு விலையேற்றத்தையும் கூட்டினால் சற்றுக் குறைவேயாகும். இதனை எவரையும் குறைகூறும் பொருட்டு யான் எழுதவில்லை. உயர்வு என்று கொண்டாடப்படுவது எவ்வளவு உயர்வு, எவ்வளவு மீட்சி என்பதைப் பிரித்தறிதல் கற்றவர் கடன்.

இன்னொன்றும் உண்டு. நாட்கூலி முழுமையாகக் கிடைப்பது குறித்த எடைக் கொழுந்து பறித்தவருக்கே. எடை குறைந்தால் அரைப்பேர். உரமின்றிக் கொழுந்து அருகிய காலத்தும், விடாமழையில் மலையேற முடியாத நாளிலும் பேர் குறையும். ஆதலின் விலை ஏறும் ஆண்டும் பேர் குறையும் ஆண்டும் ஒன்றாயின் இழப்பு இரட்டிக்கும். 2022 அத்தகைய ஆண்டு. முதலாளிமார் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: உலகச் சந்தையில் தேயிலை விலையை நாம் விதிப்பதில்லை, உற்பத்திச் செலவிற் கூலியே பெரும்பகுதி. இவ்விரு நியாயங்களையும் எடையிட வேண்டுமாயின், எடைக்கல் செவ்வையாக இருத்தல் இன்றியமையாதது. அவ்வெடைக்கல்தான் விலைச் சுட்டெண்.

யாம் செய்யத்தக்கது

2023ஆம் ஆண்டிற் புதிய மத்திய வங்கிச் சட்டம் இயற்றப்பட்டது. அரசுக்கு நேராகப் பணம் வழங்கும் வழி அதனால் அடைக்கப்பட்டது. பணவீக்கத்தை 5 சதவீத அளவில் வைத்திருத்தல் குறிக்கோளாக விதிக்கப்பட்டது. இது நன்றே. ஆயினும் ஆண்டுக்கு 5 சதவீதம் என்பது ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகளில் விலை இருமடங்காகும் என்பதை நினைவிற் கொள்க. நல்ல காலத்திலும் விலை ஏறிக்கொண்டே இருக்கும். கூலியும் அதனுடன் நடவாதாயின் அமைதியான பணவீக்கமும் மெதுவாக அரிக்கும் கறையானாகும்.

எனவே சங்கத்தார் முன் ஒரு சிறு வேண்டுகோளை வைக்கின்றேன். எமது பழைய மாணவருள் ஆசிரியர் பலர், எழுதுவினைஞர் பலர், தொழிற்சங்கத்தில் உழைப்போரும் உளர். வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன், நோர்வூட் ஆகிய கடைவீதிகளில், மாதந்தோறும் ஒரே நாளில், ஒரே கடைகளில், பதினைந்து பொருள்களின் விலையைக் குறித்து வைப்போம். கோதுமை மா, அரிசி, பருப்பு, தேங்காய், சீனி, கருவாடு, பால்மா, எண்ணெய், மண்ணெண்ணெய், சவர்க்காரம், கொப்பி, பேருந்துக் கட்டணம் முதலியன போதும். உயர்வகுப்பு மாணவர் இதனைச் செய்யலாம். அவர்களுக்குச் சதவீதக் கணக்கை இதனினும் நன்றாகக் கற்பிக்கும் பாடம் வேறில்லை. ஐம்பது குடும்பங்களிடம் செலவுக் கணக்கு ஒரு மாதத்திற்குக் கேட்டு நிறைகளை அமைப்போம். பொருளை மாற்றாமலும் அளவை மாற்றாமலும் கடன்விலையையும் கைக்காசு விலையையும் கலவாமலும் எழுதுதல் வேண்டும். ஓராண்டு கழிய, தோட்டத்துக் கூடைக்கென ஒரு சுட்டெண் எம் கையில் இருக்கும். அடுத்த கூலிப் பேச்சின்போது எம்மவர் சார்பிற் பேசுவோர் கண்ணீரை மட்டுமன்றிக் கணக்கையும் மேசைமேல் வைக்க இயலும்.

1939ஆம் ஆண்டை அடியாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனச் சுட்டெண் அமைத்தவர் அந்நிய ஆட்சியாளர். தோட்டத்துப் பிள்ளைகள் பட்டமும் பதவியும் பெற்றுள்ள இந்நாளில், அப்பணியை நாமே செய்யலாகாதா? கல்லூரி எமக்கு எண்ணும் எழுத்தும் தந்தது. அவற்றுள் எழுத்தை நாம் ஓரளவு பயன்படுத்தி வந்துள்ளோம். எண்ணை இனித்தான் பயன்படுத்தல் வேண்டும்.

இக்கட்டுரையின் கையெழுத்துப்படியைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டிருந்து, "வெளங்குது தம்பி. மழ விட்டாலும் தண்ணி வத்தாது. அப்ப நம்ம நிக்கிற மேட்டத்தான் ஒசத்தணும்" என்றார். யான் பல பக்கங்களிற் கூற முயன்றதை அவர் ஒரு வாக்கியத்திற் கூறிவிட்டார்.